ஏழு டின்

பொரிக்கிற கொட்டகையின் சுவரோரம் ஏழு டின்.
பதினைந்து லிட்டர் வீதம்,
தேன்குழலும் சீப்புச்சீடையும் குளித்து எழுந்த
கறுத்த எண்ணெய்.

மதுரை வேன் இந்த வெள்ளியும் வரவில்லை.
டீசலாக மாற்றுகிறவர்கள்.
லிட்டருக்கு முப்பத்திரண்டு தருவார்கள்,
ரசீது தருவார்கள்,
சொன்ன நாளில் மட்டும் வரமாட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில்
டிவிஎஸ் வண்டியில் வந்து நின்றார்
புதுவயல் பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக்கடை மலைக்கண்ணு.
"அறுபது. கையில காசு. நான் வடிகட்டிக்கிறேன் ஆச்சி.
நாளைக்கு வரவா?"

கணக்கு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
நூற்றைந்து லிட்டர், இருபத்தெட்டு ரூபாய் வித்தியாசம்:
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
காரைக்குடியில் விலை கேட்டுவைத்த
முதுகு சாயும் ஸ்டூல்
ஒன்று நானூற்றுத் தொண்ணூறு.
ஆறு பேர் தரையில் குந்தி முறுக்குச் சுற்றுகிறார்கள்.
வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் வரும்.
மீதியே இல்லாமல் வருகிற கணக்கைத்தான்
நான் நம்புவதில்லை.

போன ஆவணியில் ஒரு டின் விற்றேன்,
கரண்ட் பில் கட்ட.
மறுவாரம் தேவகோட்டை பஸ்ஸுக்கு நின்றபோது
அவர் அடுப்பருகே அந்த டின்.
'உமையாள் பலகாரம்' என்ற என் ஸ்டிக்கர்
ரோட்டைப் பார்த்தபடி.
சீருடையில் நாலைந்து பிள்ளைகள்
காகிதத்தில் பிழிந்து பிழிந்து தின்றார்கள்.
நான் டீ குடித்தேன்.
சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

உத்தமி என்றும் எண்ணிவிட வேண்டாம்.
ஓலைப்பெட்டியில் சிங்கப்பூருக்கு அனுப்பினேன் ஒருமுறை;
நாற்பது கிலோவும் நமுத்துப்போச்சு என்று
படம் எடுத்து அனுப்பினார்கள்.
இப்போது அங்கே போவது பிளாஸ்டிக்கில்தான்.
உள்ளூருக்கு ஓலை.
பெட்டியைத் திருப்பித் தந்தால் ஐந்து ரூபாய்.
பாதிப்பேர் தருவதில்லை,
வெற்றிலை போட்டுவைக்க வாகாக இருக்கிறதாம்.

பாண்டிச்செல்வியிடம் கேட்டேன்.
மாவுக் கையை எடுக்காமலே சொன்னாள்:
"முதுகு என்னுது. வயிறு யாருதோ."
விற்கச் சொன்னாளா, வேண்டாமென்றாளா,
இன்னும் எனக்குத் தெரியாது.
ரகமத்துன்னிசா சிரித்தாள், அவ்வளவுதான்.

இரவு எல்லோரும் போனபின்
டின்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்
கத்தியால் சுரண்டினேன்.
முதல் டின். இரண்டாம் டின்.
மூன்றாவதில் 'உமை' போய் 'யாள்' மட்டும் நின்றபோது
எதற்குச் சுரண்டுகிறேன் என்று புரிந்தது.
கத்தியைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் மலைக்கண்ணு
"அப்ப ஊறுகாய் போடுங்க அதுல" என்று
வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

தேன்குழல் பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் ஏற்றி
மூன்று ஸ்டூல் வாங்கியிருக்கிறேன்.
ஆறு பேர்.
மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.
நேற்று, யாருடைய முறை என்று
அடுப்பை அணைத்துவிட்டுச் சண்டை.
எனக்கென்னவோ
அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

வேன் இன்னும் வரவில்லை.