இருபத்திரண்டுக்குள்

ஆகஸ்டில் ஹம்ரியாவில்
தொட்டித் தண்ணீருக்கே காய்ச்சல்.
இரவு பதினொரு மணிக்கும் நாற்பத்தாறு டிகிரி.
இதில் எதை முக்கி எதைக் குளிர வைக்க?
மீன் மார்க்கெட்டிலிருந்து பிக்கப்பில் வந்தன
பன்னிரண்டு ஐஸ் பாளங்கள்.
ஒன்றின் ஓரத்தில் ஒரு நெத்திலி உறைந்திருந்தது.
கேம் பகதூர் அதைப் பிடுங்கிப்
பூனைக்கு எறிந்துவிட்டுப்
பாளத்தைத் தொட்டிக்குள் உருட்டினான்.

எண்ணூற்று எழுபதில் சிவந்த
அறுபது வால்வுத் தண்டுகள்
கூடையோடு இறங்கின.
தண்ணீர் ஒருமுறை உறுமியது.
பார்ப்பதற்கு அவ்வளவுதான்.
மீதியெல்லாம் உள்ளே நடப்பது.
அதைக் கேட்டுச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

என் வேலை குத்துவது.
ஒரு வைரமுனை, நூற்றைம்பது கிலோ பாரம்,
எறும்புக் கண்ணளவு ஒரு குழி.
குழியின் ஆழத்தை மெஷின் எண்ணாகச் சொல்லும்.
சேலத்தில் டிப்ளமோ படித்தபோது
எண் ஏற ஏற வாத்தியார் முகம் மலரும்.
இங்கே தலைகீழ்.
இருபத்திரண்டைத் தாண்டினால் ரிஜெக்ட்.

எண்ணெய்க் கிணற்றுக்குள்
அழுகிய முட்டை வாடையோடு காத்திருக்கிற வாயுவுக்கு
வீம்பு பிடித்த எஃகென்றால் உயிர்.
ஊசி நுழையாத இடத்தில் நுழையும்.
ஆறு மாதமோ ஒரே ராத்திரியோ,
சொல்லாமல் பிளக்கும்.
கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற எஃகை
அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை.
அதற்குத்தான் மறுபடி அடுப்பு:
அறுநூற்றெண்பதில் இரண்டு மணி நேரம்
வீம்பைத் தணிப்பது.

காலை ஆறுக்கு, ஆறிய கூடையின் முன்வரிசை.
முதல் தண்டு பத்தொன்பது.
அடுத்தது இருபது.
அதற்கடுத்தது பதினெட்டு.
எஹாப் பின்னால் நின்று
ஒவ்வோர் எண்ணுக்கும் மாஷா அல்லா என்றார்.
வாசலில் லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றது,
ஏஸிக்காக.

எனக்குத்தான் அந்தப் பதினெட்டு பிடிக்கவில்லை.
அது அடுப்பு தின்ற தோல்.
கரியெல்லாம் உறிஞ்சப்பட்ட மேல்தோலில் குத்தினால்
எதுவும் மென்மையாகத்தான் பதில் சொல்லும்,
விருந்தாளியிடம் வீட்டுக்காரர் பேசுவதுபோல.
கிரைண்டரை எடுத்தேன்.
முக்கால் மில்லி தேய்த்தேன்.
குத்தினேன்.
இருபத்தைந்து.

எஹாப் டீயைக் கீழே வைத்தார்.
மெஷின் சரியில்லை என்றார்.
சோதனைக் கட்டையில் குத்திக் காட்டினேன்;
கட்டையில் பொறித்த எண்ணையே மெஷினும் சொன்னது.
அப்படியானால் தேய்க்காத இடத்து எண்ணை எழுது,
தேய்க்கச் சொல்லி எந்தத் தாளில் இருக்கிறது?
தாளில் இருந்தது.
நான்காம் பக்கம், கடைசிக்கு முந்தின வரி,
காபி சிந்திக் காய்ந்த வட்டத்துக்குள்.

விரல் வைத்துக் காட்டினேனே தவிர
வீரமெல்லாம் இல்லை.
விசா முடிய நாற்பது நாள்.
முழங்கால் ஆடியது மேஜைக்குத் தெரியும்.

அறுபதையும் தேய்த்துப் பார்த்ததில்
பின்வரிசைகள் இருபது, இருபத்தொன்று.
கதவுப் பக்கத்துப் பதினான்கு மட்டும்
இருபத்தைந்து, இருபத்தாறு.
அடுப்பின் சென்சார் இருப்பதோ பின்சுவரில்.
அது தன் முதுகுச் சூட்டை மட்டும் அளந்து
அறுநூற்றெண்பது, அறுநூற்றெண்பது என்று
இரவெல்லாம் சத்தியம் செய்திருக்கிறது.

கதவைச் சுற்றிய இழைக்கயிறு
ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.
எப்போதிருந்து என்று எஹாப் கத்தினார்.
பகதூர் இந்தியில் சொன்னான்:
மூன்று மாசமா அந்த இடுக்கில்தான்
ரொட்டி சூடு பண்றேன் சார்.
யாரும் கேட்கலை.

இருபத்தைந்து என்று எழுதினேன்.
ஐந்துக்குத் தொப்பி போட மறந்து
திரும்பப் போய்ப் போட்டேன்.
லாரி காலியாகவே போனது.
பதினான்கும் மறுபடி உள்ளே போயின.

மதியத்துக்குள் புதுக்கயிறு, வெள்ளையாக,
கதவோடு கப்பென்று ஒட்டியது.
தாளில் சுற்றிய நாலு ரொட்டியோடு பகதூர்
அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
எங்கும் ஒரு மூச்சுச் சூடு வெளியே இல்லை.
என் மேஜை விளக்கைக் காட்டினேன்.
அதில் ஈசல்கூட வேகாது என்று சிரித்துவிட்டு
ஆறினதையே பிய்த்து
எனக்கும் ஒரு பாதி நீட்டினான்.