இருநூறு கிராம்

திருக்கடலூர்க் கரையில் விடிய
முந்நூறு கிலோ பாரை நிறுத்துக் கொடுத்தேன்.
முள் ஒரு கிலோ அப்படி இப்படி ஆடினால்
ஆரும் கேட்பதில்லை.

வீட்டில், நகைக்கடைச் சின்னத் தராசில்
நிரோஜினி சோறு நிறுக்கிறாள்.
நாற்பது கிராம்.
கூடிப்போன ரெண்டு பருக்கையை
எடுத்துத் தன் வாயில் போடுகிறாள்.

புரதம் பிள்ளையின் இரத்தத்தில் நஞ்சாகுமாம்.
பிறவியிலேயே அப்படி.
பருப்பில்லை, முட்டையில்லை,
மீன் சொல்லவே வேண்டாம்.
மரவள்ளி கொஞ்சம்; மிச்சப் பசிக்கு
கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வரும் மாவு.
போன வெள்ளத்தில் ரயில் நின்ற ஒன்பது நாளும்
டின்னின் அடியைக் கரண்டி சுரண்டிய சத்தம்
இன்னும் காதில் கிடக்கிறது.

குடும்பநல மாது அட்டையில் புள்ளி வைக்கிறா.
மூன்று மாதம் படுத்தே கிடந்த கோடு
இருநூறு கிராம் எழும்பியிருக்கிறது.
"காணாது," என்கிறா. பிறகு,
"ஆனா ஏறியிருக்கு."

சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவின கையை
யதுர்ஷி இழுத்து மணந்து பார்க்கிறாள்.
"என்ன மீன் அப்பா?"
"பாரை."
"நல்லா இருக்குமா?"
"முள்ளு," என்கிறேன்,
"முழுக்க முள்ளு."