பார்க்கலாம் என்பதும் கணக்கு

புதன்கிழமை இரவு ஆறரைக்கு வகுப்பு.
பஃபலோவில் ஜனவரி மாதத்துப் புதன் என்றால்
ஏரியிலிருந்து பனி கிளம்பும் நேரமும் அதுவே.
நகராட்சியின் பனி தள்ளும் லாரிகளுக்கு
எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்று
தடம் போட்டுக் கொடுப்பது என் வேலை.
லாரிகள் தெருவில் இறங்கிக்கொண்டிருக்க
நான் முதுகலை வகுப்பில் உட்கார்ந்து
ஒரு செங்கல்லுக்கு நாற்பது உபயோகம் எழுதுகிறேன்.

பத்தொன்பதில் நின்றுவிட்டது பேனா.
பக்கத்து நாற்காலி டெஷான், அவசரப் பிரிவு நர்ஸ்,
ஐம்பத்திரண்டு எழுதிவிட்டான்.
அதில் ஒன்று:
'தூக்கம் வராத இரவில் பக்கத்தில் வைத்துக்கொள்ள.'
வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

கட்டணத்தில் பாதி நகராட்சி, பாதி என் கடன் அட்டை.
எதற்காகப் படிக்கிறீர்கள் என்ற கட்டத்தில்
பதவி உயர்வு என்று எழுதியிருந்தேன்.
பொய் இல்லை. துணை இயக்குநர் அறை
அக்டோபரிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.
படைப்பாற்றலுக்கு ஒரு பட்டமா,
தபாலில் நீச்சல் கற்பதுபோல என்றார்
பணிமனையில் வென்செல் ஸ்மோலின்ஸ்கி.
நானும் சிரித்தேன். கொஞ்சம் வலித்தது.

மூன்றாவது வாரம் பேராசிரியை ஒயெலாரன் சொன்னார்:
"இந்த வாரம் புது யோசனை எதையும் தேடாதீர்கள்.
கொன்றவற்றை எண்ணிக்கொண்டு வாருங்கள்."
முடியாது என்றால் ஒரு கோடு.
பட்ஜெட் இல்லை என்றால் ஒரு கோடு.
செய்து பார்த்தாச்சு, ஒரு கோடு.
நான் கையை உயர்த்தினேன்:
"பார்க்கலாம் என்று சொன்னால்?"
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதற்கு இரண்டு."

திங்கள் மதியத்துக்குள் முப்பத்தொன்று.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று,
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
வியாழன் மாலை என் நோட்டில்
ஒரு தெரு நீளத்துக்கு வேலி.

வேலிக்கு அந்தப் பக்கம் யார் என்று யோசித்தபோது
மரிசோல் கின்யோனெஸ் நினைவுக்கு வந்தாள்.
ஏழாம் எண் லாரி. இரண்டு குளிர்காலம் முன்பு
என் மேசை மேல் கையுறையை வைத்துவிட்டுக் கேட்டாள்:
ஒருவழித் தெருவில் தகடு எப்போதும்
வலப்பக்கமே தள்ளுகிறதே,
வலப்பக்க வீட்டுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?
காரை எடுக்க வாசலில் தினம் ஒரு மலையை வெட்டுகிறார்கள்.
ஒரு புயலுக்கு வலம், அடுத்ததற்கு இடம் என்று
மாற்றினால் என்ன?
பார்க்கலாம் என்றேன்.
கையுறையை எடுத்துக்கொண்டு போனாள்.

விடியற்காலை நான்கு மணிக்குப் பணிமனைக்குப் போய்
அந்தத் தகடு விஷயத்தை
மறுபடி சொல்லேன் என்றேன்.
"எந்தத் தகடு?" என்றாள்.
நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தாள்.
அதற்கு எத்தனை கோடு போடுவது என்று
எனக்குத் தெரியவில்லை.

மூன்று தெருக்களில் மாற்றிப் பார்த்தோம்.
இடப்பக்கத்திலிருந்து ஒன்பது புகார்,
அதில் ஒருவர் வக்கீல்.
வலப்பக்கத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.
இதை வெற்றி என்பதா என்று வகுப்பில் கேட்டேன்.
"சத்தம் போட்டவர் சத்தத்தை நிறுத்தினால்
எங்கள் பிரிவில் அதற்குப் பெயர்
ஒன்று குணம்," என்றான் டெஷான்,
"இன்னொன்றை நான் சொல்லப்போவதில்லை."

துணை இயக்குநர் அறை
குடிநீர்ப் பிரிவு ஆள் ஒருவருக்குப் போனது.
நல்ல மனிதர்தான். சன்னலில் செடி வைத்திருக்கிறார்.
கடன் அட்டைக்கு இன்னும் பதினான்கு தவணை.
செங்கல் இன்னும் பத்தொன்பதிலேயே நிற்கிறது.

நேற்று மரிசோல் வந்தாள்.
கையுறையைக் கழற்றாமல்
கதவருகிலேயே நின்றாள்.
"உப்போடு பீட்ரூட் சாறு கலந்து தெளித்தால்
பனி இறுகாதாம். எங்கேயோ செய்கிறார்களாம்.
நாமும்…"

பா, என்று ஆரம்பித்துவிட்டது வாய்.
பதினோரு வருடப் பழக்கம்.
நாக்கு நுனியில் அந்த ஓரெழுத்தை
அப்படியே பிடித்து நிறுத்தினேன்.
அவள் கண் என் உதட்டில் இருந்தது.

பா…
பாதையில் மட்டுமா என்றேன்,
பாலத்திலுமா?