பூஜ்ஜியத்துக்கு ஒரு ரசீது

பாய லேபார், ஏழாவது மாடி.
குளிர்காற்று நேரே என் உச்சந்தலையில்.
எமரென்சியா பைக்குள்ளிருந்து
மஸ்கட் வங்கியின் தாள்களை எடுத்தார்.
முட்டத்துக்காரர். பதினாறு வருஷம்
அங்கே டயாலிசிஸ் வார்டு;
ஆறு மாதமாக ஈசூனில், முதியோர் இல்லம்.

“இதை இங்கே கொண்டுவந்தால்
எவ்வளவு பிடிப்பார்கள்?”

அங்கே சம்பாதித்துச் சேர்த்தது,
இங்கே வரியில்லை என்றேன்.
பணம் வந்த வழியை வங்கி கேட்கும்,
சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்.
இனி இங்கே வாங்கும் சம்பளம் வேறு கணக்கு.

“அது சரி. இதில் எவ்வளவு?”

கோசோங்.

“காப்பிக்குத்தானே அப்படிச் சொல்வார்கள்?”

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுகிறவர்களை
தினமும் பார்க்கிறேன்.
எதையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி
மல்லுக்கட்டியவர் இவர் ஒருவர்தான்.

தாள்களைப் புரட்டினேன்.
மாதா மாதம் ஐந்தாம் தேதி
ஒரு பற்று, ஒரே பெயருக்கு.
“அண்ணன்” என்றார், நான் கேட்கும் முன்.
முதலில் படகுக்கு எஞ்சின்.
பிறகு மாடி.
பிறகு அந்த மாடிக்கு மேல் ஒரு மாடி,
அதில் இன்னும் யாரும் ஏறவில்லை.
ஓர் ஆண்டில் மூன்று மாதம் பற்று இல்லை.
“டைபாய்டு.”
நாலாம் மாதம் ஐந்து மடங்கு போயிருக்கிறது,
தாமதக் கட்டணத்தோடு.

வருமான வரியே இல்லாத ஊரில்தானே
இருந்தீர்கள் என்று சொல்ல வந்து
தண்ணீர் குடித்தேன்.

மிச்சம்
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரியால்.
வெள்ளியாக மாற்றும்போது
வங்கி கொஞ்சம் விழுங்கும் என்றேன்.
“எவ்வளவு?”
முந்நூறு, நானூறு வெள்ளி.
“அப்படிச் சொல்லுங்கள்” என்று
சாய்ந்து உட்கார்ந்தார்,
பழகிய ஊருக்கு வந்துசேர்ந்தவர்போல.

எழுந்தவர் கதவருகே நின்றார்.
இதில் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று
எழுதித் தர முடியுமா?
முத்திரை வைத்து?

வரி அலுவலகம் அதைக் கேட்காதே, அம்மா.

“அலுவலகத்துக்கு இல்லை.”

நிறுவனத்தின் தாளில் தட்டச்சு செய்தேன்.
செலுத்த வேண்டிய வரி, எண்ணால்: 0.
எழுத்தால்: பூஜ்ஜியம்.
கோட்டில் நிறைய இடம் மிஞ்சியது.
வேறு யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி
பழக்கத்தில் சேர்த்தேன்:
வெள்ளி மட்டும்.

என் கட்டணம் எண்பது.
பேரம் பேசவில்லை.
ஒவ்வொரு பத்து வெள்ளித் தாளாய்
எண்ணி வைத்தார் வலது கையால்.
இடது கையில் அந்தத் தாள்,
பைக்குள் போகாமல்.