ஐந்தரை மணி வரை நேற்று

மண்டபத்தில் ஐஸ் ஆலைக்கு மேல் மாடி.
தரை எப்போதும் லேசாக நடுங்கும்.
அந்தச் சோதனை ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு என்று வந்தபோது
முதலில் தரையைத்தான் சந்தேகப்பட்டேன்.

படகு டோக்கன் மென்பொருள் எங்களுடையது.
சர்வர் ஜாவாவில்.
கவுன்டர் திரை ஜாவாஸ்கிரிப்டில்.
காற்று எச்சரிக்கையை வாங்கிப் பிரிப்பது பைத்தான்.
டிரைவர்களின் கைபேசிச் செயலி இன்னொன்றில்;
அதை எழுதிய மஃரூஃபா ஒரு குறிப்பும் விடாமல்
பெங்களூர் பஸ் ஏறிவிட்டாள்.

விதி ஒன்றுதான்:
தடைக்காலத்தில் டோக்கன் கிடையாது.
அதை நான்கு வாயால் சொல்ல வேண்டும்.
ஒன்றுக்கு 'உறுதிசெய்' என்றால்தான் புரியும்.
ஒன்று 'எதிர்பார்க்கிறேன்' என்று மரியாதையாக ஆரம்பிக்கும்.
ஒன்று சொன்னதை நம்பும், பொய்த்தால் அலறும்.
நாலாவது, பொத்தானை விரல்போல் தட்டி
இருக்கிறது, இல்லை, இருக்கிறது என்று தேடும்.
ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால்
அரைநாள் அரைப்புள்ளியிலேயே போய்விடும்.
இந்த ஊரில் நடுரோட்டில் நின்றால்
இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் ஒரு கடல்.
அங்கே பெய்யும் காற்று இங்கே பெய்யாது.

சோதனைக்கென்று நானும் ஒரு கடல் செய்திருக்கிறேன்.
காற்று மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், எந்நாளும்.
படகுகள் மூன்று: அ, ஆ, இ.
டீசல் தீராது. யாருக்கும் வட்டிக்கடன் இல்லை.
ஒருவர்கூடத் திரும்பாமல் இருந்ததில்லை.
முடிந்ததும் ஒரே வரியில் கடலை அழித்துவிடுவேன்,
அடுத்த சோதனையில் பழைய உப்பு ஒட்டக்கூடாது.

அந்தச் சிவப்பை மட்டும்
எனக்கு முன்னால் இருந்த ரீகன் 'தவிர்' என்று குறித்து
பக்கத்தில் எழுதியிருந்தார்:
சும்மா சும்மா உடையுது. பிறகு பார்க்கலாம்.
நாலு வருடத்துக்கு முந்தைய தேதி.
அவரைச் சொல்வானேன்.
'தவிர்' எடுத்துவிட்டு நானும் அதைத்தான் செய்தேன்:
சிவப்பா, மறுபடி ஓட்டு.
பச்சையா, டீக்குப் போ.

ஏப்ரலில் தடை வந்தது. ஆலை நின்றது.
மேசைமேல் தண்ணீர்கூட அசையவில்லை.
சோதனை அப்போதும் உடைந்தது.

அதற்குப் பிறகுதான் நேரம் குறித்தேன், ஒரு பால் பாக்கெட் கணக்கு நோட்டில்.
இரவு பதினொன்று: பச்சை.
இரண்டு: சிவப்பு.
நாலு நாற்பது: சிவப்பு.
ஆறு: பச்சை.
மஞ்சள் வெயில் சன்னலுக்கு வந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.
நம் சர்வருக்கு விடிவது கிரீன்விச் கணக்கில்.
பன்னிரண்டு அடித்து நமக்கு நாள் மாறினாலும்
ஐந்தரை மணி வரை அதற்கு நேற்று.

ஜூன் பதினைந்து, அதிகாலை மூன்று மணி.
தடை முடிந்து ஜெட்டியில் வரிசை நிற்கும்.
சர்வர் சொல்லும்: இன்று பதினான்கு. கிடையாது.

அப்படியென்றால் நாலு வருடமாக?
கவுன்டர் நாகசுந்தரியக்காவுக்குப் போன் போட்டேன்.
"அன்னைக்கு மட்டும் நெட் வராதும்மா.
நாங்க கையாலயே சீட்டு எழுதிக் குடுத்துருவோம்."

திருத்தம் ஒரு வரி.
சோதனைதான் நீளம்.
மூன்று மொழியிலும் கடிகாரத்தை நிறுத்தினேன்,
ஜூன் பதினைந்து, மூன்று பத்தில்.
பச்சை. பச்சை. பச்சை.
நாலாவது கைபேசியின் சொந்தக் கடிகாரத்தை நேராகப் பார்க்கிறது,
நிறுத்த இடமே விடவில்லை மஃரூஃபா.
கூப்பிட்டேன். "அய்யோ, அதையா இன்னும் வச்சிருக்கீங்க?" என்றாள்.

இன்று பதினான்கு.
மதியமே ஆலையை ஓட்டிவிட்டார்கள்.
கீழே கட்டிகளை உடைக்கும் சத்தம்,
டீ கிளாஸ் மேசை விளிம்புக்கு மெல்ல நகர்கிறது.
நாலாவது சிவப்பாகவே இருக்கிறது.
'தவிர்' என்று அடிக்க விரல் போனது, இரண்டு தடவை.
இராத்திரி மூன்று மணிக்கு ஜெட்டிக்குப் போகிறேன்,
நாகசுந்தரியக்காவின் சீட்டுக்கட்டும்
பக்கத்திலேயே இருக்கட்டும்.