ரின் மூடி

பன்னிரண்டரைக்கு விசில்.
ஒரு மணிக்கு மறு விசில்.
இடையில் முகக்கவசம், அங்கி கழற்ற ஐந்து நிமிசம்,
கை கழுவ மூன்று,
தண்ணீர்ப் பீப்பாவின் இறுகின குழாயோடு
மல்லுக்கட்ட இரண்டு.
மிச்சத்தில்தான் சமையல்.

அம்பகாமத்துக் காட்டோரம்,
சிவப்புக் கயிற்றுக்கு இப்பால்,
பாலைமர நிழலில் ஒரு பிளாஸ்ரிக் மேசை.
சோறு கட்டி வருவதை நான் விட்டுவிட்டேன்.
விடிய நாலரைக்கு வாகனம் வரும்;
மூன்றுக்கு எழும்பி உலை வைக்க
என் கண்கள் சம்மதிப்பதில்லை.

அரை றாத்தல் பாண்,
மாங்குளத்துப் பேக்கரி, நேற்றையது.
ஒரு ரின் சூரை.
வீட்டிலேயே உரித்த சின்ன வெங்காயம்,
பச்சை மிளகாய் இரண்டு, தேசிக்காய்ப் பாதி,
கடதாசியில் மடித்த உப்பு.
மயோனைஸ் இந்த வெயிலில்
பத்து மணிக்கே பிரிந்து எண்ணெயாகும்.
அதனால் தயிர். ஒட்டுசுட்டான் சட்டித் தயிர்,
கரண்டியைக் குத்தினால் நிமிர்ந்து நிற்கும்.
புளித்தாலும் அது தயிர்தானே.

"மீனும் தயிருமோ? தேமல் விழுமடி"
என்கிறாள் கமலரூபி.
காலையில் முழங்காலை மண்ணில் ஊன்றி
மூன்று மிதிவெடி எடுத்தவள்.
அவளுக்குப் பயம் தேமலுக்கு.

வளையத்தில் விரலைக் கொடுத்து
மெல்ல, மெல்ல இழுக்கிறேன்.
வேலைப் பழக்கம்.
பகீரதன் அண்ணை சிரிக்கிறார்:
"அது மீன் பிள்ளை, வெடிக்காது."

எண்ணெயை வடித்து, விரலால் உதிர்த்து,
வெங்காயம், மிளகாய், தேசிப்புளி,
இரண்டு கரண்டித் தயிர்.
பாணுக்கு நடுவில் வைத்து
உள்ளங்கையால் ஒரு அமத்து.
ஏழு நிமிசம்.

இனி மூடி.
இங்கே எதையும் எறியக்கூடாது.
ஒரு ஆணி, ஒரு கொண்டை ஊசி,
கருவிக்கு எல்லாம் ஒரே கூச்சல்.
மூடியை ரின்னுக்குள் மடித்து,
ரின்னைப் பையில் கட்டி,
பையை வாகனத்தில் வைக்கிறேன்.

காலையில் என் பாதையிலும் அந்தக் கூச்சல்தான்.
நாற்பது நிமிசம்
பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டி,
தூரிகையால் துடைத்து,
மூச்சையும் அளந்து விட்டு
வெளியே எடுத்தது ஒரு ரின்.
மீன் ரின்தான்.
கத்தியால் குத்திக் குத்தித் திறந்தது,
விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாய்.
மூடி முழுசாக அறுபடவில்லை;
ஓரிடத்தில் ஒட்டியபடி பின்னால் வளைந்திருந்தது.
திறந்த ஆளுக்கும் நேரம் காணாது போல.

ஆரென்று தெரியாது.
எந்தப் பக்கத்து ஆளென்றும் தெரியாது.
பாணோடு தின்றதோ, பிஸ்கற்றோடோ,
வெறும் விரலாலோ.
வெங்காயம் இருந்திருக்காது என்பது மட்டும்
ஏனோ எனக்கு நிச்சயம்.

பதிவேட்டில் எழுதினேன்:
உலோகக் கழிவு, ஒன்று.
அந்தத் தாளில் அதற்கு வேறு கட்டம் இல்லை.

"சரி, பாதி தா" என்கிறாள் கமலரூபி.
"தேமல்?"
"விழுந்தால் விழட்டும். பசிக்குது."
பிய்த்துக் கொடுக்கிறேன்.
பெரிய பாதி அவளுக்குப் போய்விட்டது,
கேட்டால் தரமாட்டாள்.

விசில்.
கடைசி வாயை விழுங்காமலே
முகக்கவசத்தை இறக்குகிறேன்.
கண்ணாடிக்குள்ளே என் மூச்சு எனக்கே திரும்பி வருகிறது,
வெங்காய வாசத்தோடு.