எழுநூறு கிராம்

ஹொக்கிடிக்காவில் மழை பிடித்துக்கொண்டால்
கடைக்காரர்களுக்குப் பேச நேரம் கிடைக்கிறது.
இஹாகா மீன் நிறுக்கும் தராசைத் துடைத்து
உத்தரத்தில் மாட்டினான்.

இரண்டு துப்பாக்கிகள். இரண்டும் மேக்னம்.
இரண்டுக்கும் ஒரே தோட்டா.
ஒன்று கார்பன் குழல், டைட்டானியம் போல்ட்,
உள்ளே குடைந்து குடைந்து எடுத்த கட்டை:
இரண்டு கிலோ நானூறு.
மற்றது எஃகு.
மூன்று கிலோ நூறு.

"குறைகிற நூறு கிராமுக்கு முந்நூறு டாலர்" என்றான்.
"ஆறு கிலோவை இலவசமாகவே
இறக்கச் சொல்கிறார் என் டாக்டர்" என்றேன்.
சிரித்தான். பிறகு
என் இடுப்பைப் பார்த்துவிடக் கூடாதென்று
கூரையைப் பார்த்தான்.

எனக்கு ஐம்பத்து மூன்று. பால் லாரி ஓட்டுகிறேன்.
இடது முழங்காலுக்குள் மூன்று திருகாணிகள்;
அவற்றின் எடையை யாரும் சொன்னதில்லை.
மே மாதம் வாட்டரோவா ஆற்றின் தலைமாட்டில்
வரையாட்டுக் கடாக்கள் பிடரி சிலிர்த்துத் திரியும்.
பேரிலேயே வரையை வைத்திருக்கும் ஆடு,
சமதளத்தில் அதற்கு வேலையில்லை.
அது நிற்கும் இடத்துக்குப் பதினோரு மணி நேரம்.
ஆற்றை ஏழு முறை கடக்க வேண்டும்.
ஈட்டிப்புல் கேட்காமலே காற்சட்டைக்குள் புகும்.

கூட வரும் நோலீன்
பல்துலக்கியின் காம்பை ஒடித்துவிட்டு வருகிறவள்,
வரைபடத்தின் வெள்ளை ஓரத்தைக்கூடக் கத்தரித்தவள்.
"எழுநூறு கிராம் என்றால்
இரண்டு நாள் ரொட்டி" என்பாள்.

ஆகவே இலேசானதைத்தான் வாங்க வந்தேன்.
நிறைந்திருக்கும் என்று நினைத்துக்
காலிப் பானையைத் தூக்கியதுபோல
கை தேவைக்கு மேல் உயர்ந்தது.

மழை விட்டதும் பழைய கல்குவாரிக்குப் போனோம்.
முதல் குண்டு:
தோளில் ஒரு கதவு மோதியது.
இரண்டாவது:
தொலைநோக்கியின் விளிம்பு
புருவத்தில் பிறை கீறியது.
மூன்றாவது தோட்டாவை அவனே இட்டான்,
என்னைப் பார்க்கவிடாமல்.
அழுத்தினேன்.

டிக்.

மருந்தில்லாத தோட்டா. துப்பாக்கி உதைக்கவில்லை.
ஆனாலும் குழல் தலை குனிந்தது.
கண் மூடியிருந்தது.
ஓங்கிய கையைப் பார்த்ததுமே
ஒடுங்கிப்போகும் நாயாக
என் தோள்.

இஹாகா எதுவும் சொல்லவில்லை.
குவாரித் தண்ணீரில் போய்க்கொண்டிருந்த வாத்தை
நெடுநேரம் கவனித்தான்.

போன மே.
இருநூற்றைம்பது மீட்டர். வசதியாகப் படுத்திருந்தேன்.
இரவல் துப்பாக்கி, இறகு மாதிரி.
கடா பின்னங்காலை இழுத்துக்கொண்டு
பாறையின் மறுபக்கம் போனது.
"காற்று தள்ளிவிட்டது" என்றேன்.
நோலீன் ஒரு புல்லைக் கிள்ளி விட்டாள்.
நேராகக் கீழே விழுந்தது.
அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவில்லை.
இருட்டும்வரை தேடினோம்,
மறுநாள் மதியம்வரை.
எங்களுக்கு முன்னால் இரண்டு கியாக் கிளிகள்
தேடிக்கொண்டு போயின.

ஏறும்போது சுமக்காத எடை
எங்கேயும் போய்விடுவதில்லை.
பாதி என் தோளுக்கு வந்தது.
மீதி அந்தக் கடாவின் தொடைக்கு.

எஃகை எடுத்துக்கொண்டேன்.
கிடைத்தால், தோலும் இறைச்சியும் கொம்புமாக
முப்பது கிலோவோடு இறங்குவேன்;
அப்போது எழுநூறு கிராமை
யார் தேடப்போகிறார்கள்?
"நோலீனிடம் என்ன சொல்வீர்கள்?" என்றான்.
"ரொட்டியைக் குறைத்துக்கொள்கிறேன்."
டாக்டருக்கும் ஆயிற்று.

இப்போது தினமும் இரவு, லாரி நிறுத்திவிட்டு வந்ததும்,
அறையை இரண்டு தடவை சோதித்து,
சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டு
குளிர்பெட்டியில் ஒட்டிய காந்த ஆட்டுக்குட்டியை
முப்பது முறை குறி வைக்கிறேன்.
டிக். இமை.
டிக். இமை.

ஒன்பதாம் இரவு, இருபத்திரண்டாவது முறை,
டிக்கென்ற பிறகும்
குட்டி கண்ணுக்குள்ளேயே நின்றது.
இருபத்து மூன்றில் மறுபடி போய்விட்டது.

மே வர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.